கரைக்குள் நடக்கும் கொக்கு

மதகுக்காரரின் வலது கால் முழங்கால்வரை நீர்த்தேக்கத்தின் கரைக்குள் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு. நீர்நிலைப் பராமரிப்புத் துறை அதை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது ஆறு நாள் கழித்து. அதிலும் கால் இறங்கியதை மட்டும்தான் ஒப்புக்கொண்டது. குழி இருப்பதை அல்ல.

இருபத்தாறு வருஷமாக அவர் செய்துவந்த வேலை ஒன்றுதான். காலையில் கரையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்ப்பது, அளவுப் பலகையில் தண்ணீர் எத்தனை அடி என்று நோட்டில் குறிப்பது, மதகின் சக்கரத்துக்கு மசகு போடுவது. மேலிடத்து உத்தரவு வந்தால் சக்கரத்தைச் சுற்றித் திறப்பது, உத்தரவு வந்தால் மூடுவது. இயல்பிலேயே பயந்த சுபாவம். தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே அவருக்கு வயிறு கலங்கும்.

இறங்கிய காலைப் பிடுங்கி எடுத்தார். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. எடுக்கலாமென்று கையிலிருந்த மூங்கில் கழியை விட்டார். எட்டடிக் கழி முழுவதும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரக் களிமண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு குழியிலிருந்து பூனை அளவுக்கு ஒரு பெருச்சாளி தலையை நீட்டியது. வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரரைப்போல அவரை நிதானமாக ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. நாற்பது அடி தூரத்துக்குள் முப்பத்தொரு வளைகளை அவர் எண்ணினார். அதற்குமேல் எண்ண அவருக்குத் தைரியம் வரவில்லை.

கரையின் வெளிச்சரிவு முடியும் இடத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம். அவருடைய மகள் அங்கேதான் இரண்டாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தொண்ணூறு வீடுகள். அதில் ஒன்று அவருடையது. தண்ணீர் அன்றைக்குப் பதினைந்து அடி. வளைகள் இருந்தது பதினெட்டடி மட்டத்தில். மேலே மலைப் பக்கம் மழை. தினம் கால் அடி ஏறிக்கொண்டிருந்தது. கணக்கில் அவர் புலி இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கு அவருக்கே புரிந்தது.

உட்கார்ந்து அறிக்கை எழுதினார். "கரையில் பெருச்சாளிகள் பெருகிவிட்டன. உள்ளே அனைத்தையும் குடைந்துவிட்டன. உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் கரை நிற்காது." இதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார்கள். கண்காணிப்பாளர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரைச் சொல்ற?"

"சார்?"

"பெருச்சாளின்னு எழுதியிருக்கியே, யாரைச் சொல்ற? எத்தனை பேரு? ஸ்டோர்காரனும் அதுல உண்டா?"

"சார், வளையில இருக்கிறது சார். வாலு இருக்கும்."

"வாலுன்னா யாரு, டிரைவரா?"

"மிருகம் சார். நிஜப் பெருச்சாளி. மண்ணைத் தோண்டுமே, அது."

கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மிருகமா! முதல்லயே அப்படி எழுதித் தொலைக்கிறதில்லையா? ஆபீஸே அரண்டு போச்சு. நாலு பேரு மருத்துவ விடுப்புல போயிட்டாங்க." பிறகு முகம் மலர்ந்தது. "மிருகம்னா நமக்குச் சம்பந்தமில்ல. போயிட்டு வா."

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்து, கோப்பு எழுதும் பெண் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அந்த அலுவலகத்தில் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"வளை தோண்டுற பிராணியெல்லாம் மண்வளத் துறைண்ணே. அவங்ககிட்டப் போனா, கரைங்கிறது மண்ணில்ல, கட்டுமானம்னு சொல்வாங்க. கட்டுமானத் துறைக்குப் போனா, சிமெண்ட் இல்லாததெல்லாம் மண்ணுதான்னு திருப்பி விடுவாங்க. நம்ம துறையில கரையைச் சேதப்படுத்த அனுமதியுள்ள உயிர் ஒண்ணே ஒண்ணுதான்." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "படிவம் பதினாலு. நீரில் நடக்கும் பறவைகளால் ஏற்படும் சேதம்."

முன்பிருந்த ஒரு இயக்குநரின் தொப்பியில் கொக்கு எச்சமிட்ட வருஷம் பிறந்த படிவம் அது. ஒழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"கொக்குன்னு எழுதிக் குடுத்துடுங்க. ரெண்டு நாள்ல மண்ணடிக்க ஆள் வரும்."

"பொய்யாச்சேம்மா?"

"கீழ பள்ளிக்கூடம் இருக்கேண்ணே?"

அவர் எழுதினார். கை நடுங்கியதில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், முடிந்த இடத்திலெல்லாம் உண்மையையும் கொஞ்சம் கலந்துகொண்டார். பறவையின் பெயர்: கொக்கு. நிற்கும் விதம்: நான்கு கால்களிலும். கழுத்து: இல்லை. அலகு: பற்களாக உள்ளது. சிறகு: ரோமமாக உள்ளது. கூடு: மண்ணுக்குள் எட்டடி.

இரண்டு நாளில் மண்ணடிக்க ஆள் வரவில்லை. திங்கட்கிழமை ஒரு தாக்கீது வந்தது. கால் இறங்கியதை ஒப்புக்கொண்ட தாக்கீது அதுதான். ஒரே மதகுக் காவலர், ஒரே குழியைப் பற்றி, ஒரே வாரத்தில் பெருச்சாளி என்று ஓர் அறிக்கையும் கொக்கு என்று ஓர் அறிக்கையும் தந்திருக்கிறார். இரண்டில் ஒன்று பொய். பொய் அறிக்கை தருவது தண்டனைக்குரிய குற்றம். எது பொய் என்று கண்டறிய 'பெருச்சாளி–கொக்கு ஒப்பீட்டுக் குழு' அமைக்கப்பட்டிருக்கிறது. காவலர் வியாழக்கிழமை ஆஜராக வேண்டும்.

வியாழக்கிழமை தண்ணீர் பதினேழேகால் அடி.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இணை இயக்குநர், வலப்பக்கம் சட்ட அலுவலர், இடப்பக்கம் ஓய்வுபெற்ற பறவை நிபுணர். மேஜைமேல் பஞ்சடைத்த கொக்கு ஒன்று கண்ணாடிக் கண்ணோடு நின்றது. பாடம்செய்த பெருச்சாளி எங்கேயும் கிடைக்காததால், அதற்காக ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு 'பெருச்சாளி' என்று அட்டை வைத்திருந்தார்கள். வேறு நாற்காலி இல்லை. "உட்காருங்க" என்று மதகுக்காரருக்கு அதையே காட்டினார்கள்.

ஒப்பீடு தொடங்கியது. சுவரில் பெரிய தாளை மாட்டி, நடுவே கோடு கிழித்திருந்தார்கள்.

"வசிக்கும் இடம்?" என்றார் இணை இயக்குநர்.

"கொக்கு நீர்நிலை ஓரம்," என்றார் நிபுணர்.

"பெருச்சாளி?"

"கரையிலதான் சார்," என்றார் மதகுக்காரர்.

"அதுவும் நீர்நிலை ஓரம். ஒற்றுமை ஒன்று. இரை தேடும் முறை?"

"கொக்கு அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவும்."

"பெருச்சாளி?"

"மண்ணுக்குள்ள மூஞ்சியை விட்டு…"

"ஒற்றுமை இரண்டு. குரல்?"

"கொக்குக்கு இனிமையான குரல் கிடையாது."

"பெருச்சாளிக்கும் கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். மூன்று."

மதகுக்காரர் எழுந்து நின்றார். "ஐயா, தண்ணி பதினேழேகால் வந்துடுச்சு. பதினெட்டுல வளை இருக்கு. கொக்கோ பெருச்சாளியோ, குழியை மட்டும் அடைச்சிட்டா…"

"தண்ணி வேற கோப்பு," என்றார் இணை இயக்குநர். அவர் கோபப்படவில்லை, பெரிய மனசோடுதான் பேசினார். "இங்க பாருப்பா. முப்பது வருஷம் சர்வீஸ் எனக்கு. என் கண்ணு முன்னால ஒரு கரைகூட உடைஞ்சதில்ல. காரணம் என்ன? நான் எந்தக் கரைக்கும் போனதில்ல. நிதானம்னா அதுதான். நீ தினம் போய்ப் பாக்குற, அதான் உனக்குப் பயமா இருக்கு."

சட்ட அலுவலரும் தம் பங்குக்குச் சொன்னார்: "இந்தத் துறை உண்மைக்கு எதிரி இல்ல. உண்மை சரியான படிவத்துல, மூணு பிரதியில வரணும். அவ்வளவுதான் நாங்க கேக்குறது. நீ ஒரு உண்மையை ஒரு பிரதியில குடுத்திருக்க."

மாலைக்குள் ஒற்றுமைகள் ஒன்பது, வேற்றுமைகள் நான்கு என்று கணக்கு முடிந்தது. கால்கள் எத்தனை என்பதில் மட்டும் நிபுணர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். கொக்கு ஒரு காலில் நிற்கும்போது அதற்கு ஒரு கால்தானே தெரிகிறது, ஆகவே கால்களின் எண்ணிக்கை நிலையானதல்ல என்று சட்ட அலுவலர் வாதாடியதும் அவரும் இறங்கி வந்தார். குழுவின் இடைக்கால முடிவு: கரையில் இருப்பது பெருச்சாளிபோல் தோற்றமளிக்கும் ஒருவகைக் கொக்கு. பெயர், 'கரைக்குள் நடக்கும் கொக்கு'. உலகத்துக்கே புதிய இனம் என்பதால் அறிவிப்பு விழா திங்கட்கிழமை கரைமேலேயே நடக்கும். இயக்குநர் நேரில் வருவார். குழியில் கை வைப்பது அதுவரை குற்றம். எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை போகும்: 'பெருச்சாளியும் கொக்கும் – ஓர் ஒப்பீடு' என்று குழந்தைகள் படம் வரைய வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சக்கரம் உங்க கையிலதானே இருக்கு? திறந்து விட்டுட வேண்டியதுதானே?"

"உத்தரவில்லாம மதகைத் தொட்டா வேலை போயிடும். ஜெயில்லயும் வைப்பாங்க."

"தொடாம இருந்தா?"

ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் துறை. இரண்டுக்கும் நடுவே இருந்தது அவருடைய அடிவயிறு மட்டும்தான்.

மகள் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டே, "அந்தச் சுற்றறிக்கை வந்துடுச்சுப்பா. பிள்ளைங்க நேர்ல பாத்து வரையணுமாம்," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "கொக்கை எங்க கொண்டுபோய்க் காட்டுவ?"

"மேட்டுல ஒத்தை மரம் இருக்கே, அதுல நிறைய அடையும்."

"திங்கட்கிழமை காலையில மணி அடிச்சதும் கூட்டிட்டுப் போயிடு பாப்பா. எல்லா வகுப்பையும். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கயே வச்சுக்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பா, எவ்வளவு மோசமா இருக்கு?"

"எழுதிக் குடுன்னு மட்டும் கேக்காதே."

அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தூறலோடு விடிந்தது. பலகையில் பதினெட்டேகால். எட்டு மணிக்கே விழாப் பந்தல்காரர்கள் வந்துவிட்டார்கள். வளைகள் இருந்த இடமாகப் பார்த்துத்தான் மேடை போட்டார்கள். அங்கே மண் இளகியிருந்ததால் கம்பங்கள் வெண்ணெயில் கத்திபோல இறங்கின. பிறகு அதிகாரிகளின் ஏழு வாகனங்கள் வந்தன. கரைக்குக் கீழே மதகுத் தண்ணீர் ஓடும் கால்வாய் காய்ந்து, தட்டையாக, சுத்தமாகக் கிடந்தது. வாகனம் நிறுத்த இதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஏழையும் வரிசையாக அதற்குள் இறக்கினார்கள்.

மதகுக்காரர் வெளிச்சரிவில் இறங்கி அடிவாரத்தைப் பார்த்தார். நேற்றுவரை அங்கே லேசாகக் கசிந்த தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. தெளிந்து கசிந்தால் பயமில்லை. இன்றைக்கு அது பால் ஊற்றிய டீயின் நிறத்தில் வந்தது. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்து போகிறது என்று அர்த்தம். விரலை வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் மணல் நெருடியது.

ஓடி மேலே ஏறினார். "சார், கலங்கி வருது சார்!"

"விழா முடியட்டும்," என்றார் கண்காணிப்பாளர், மேடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

இயக்குநர் அப்போது ஒலிபெருக்கியின்முன் நின்றார். மதகுக்காரர் என்ன நினைத்தாரோ, மேடையருகே போய்க் கையைக் கூப்பிக்கொண்டு கத்தினார்: "ஐயா, கீழ தண்ணி கலங்கி வருதுங்க! எல்லாரும் இறங்கிடுங்க!"

இயக்குநர் புன்னகை செய்தார். அனுபவசாலி, குறுக்கே பேசுபவர்களைப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளத் தெரிந்தவர். "கேட்டீர்களா? கலங்கிய தண்ணீர் என்கிறார் இந்தத் தொழிலாளி. கலங்கிய தண்ணீரில் நிற்பது எது? பெருச்சாளியா? இல்லை, கொக்கு! கள ஊழியர்கூட இன்று நமக்குச் சான்று தருகிறார். இந்தக் கரையைக் கட்டியவர்களுக்கு இப்படி ஒரு பறவை கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்தது. ஏன்? நாம் தேடவில்லை, ஒப்பிட்டோம்!"

கைதட்டல் அதிர்ந்தது. கைதட்டலில் கரையும் அதிர்ந்ததா என்று மதகுக்காரருக்குச் சந்தேகம் வந்தது. காலுக்கடியில் ஏதோ நகர்ந்ததுபோல் இருந்தது.

அவர் மதகு அறைக்கு நடந்தார். தைரியம் வந்து நடக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பல் கிட்டித்துப் போயிருந்தது, வேட்டி தொடையில் ஒட்டியிருந்தது, இரண்டு தடவை வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். யாராவது 'ஏய், எங்கே போற?' என்று ஒரு அதட்டுப் போட்டிருந்தால் நின்றிருப்பார். யாரும் போடவில்லை. சாவி பூட்டில் நுழையவே மறுத்தது. நுழைந்த பிறகு, இரண்டு ஆள் சுற்ற வேண்டிய சக்கரத்தை அவர் ஒருவரே சுற்றினார். முதல் மதகு திறந்தது. அழுதுகொண்டே இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதைத் திறக்கும்போது, மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் பேரிரைச்சலோடு கால்வாயில் பாய்ந்தது. மேடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது, இயக்குநரின் வாகனம் மெல்லத் தலையைத் தூக்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கத் தொடங்கியிருந்தது.

உயிர் போகும் என்று சொன்னபோது அசையாதவர்கள், வாகனம் போகிறது என்றதும் பறந்தார்கள். இயக்குநர், இணை இயக்குநர், சட்ட அலுவலர், நிபுணர், அவர்களுக்கு மாலையோடு நின்றவர்கள், அவர்களைப் படமெடுக்க நின்றவர்கள் என்று அத்தனை பேரும் கரையின் ஓரமாக அடித்துப் பிடித்து ஓடினார்கள். மூன்று நிமிஷத்தில் மேடை காலி. பஞ்சடைத்த கொக்கு மட்டும் ஒலிபெருக்கியின் அருகில் நின்றது.

இதற்குள் மதகுக்காரரின் மனைவி தொண்ணூறு வீட்டுக் கதவையும் தட்டியிருந்தாள். கரை உடையப் போகிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மேட்டில் இயக்குநர் எல்லோருக்கும் குடை கொடுக்கிறார், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் நேரில் வர வேண்டும் என்றாள். படுக்கையில் கிடந்தவர்களைக்கூட நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

பதினொன்றரை மணிக்குப் பலகையில் பதினெட்டுக்குக் கீழே ஓரங்குலம் காட்டியது. பன்னிரண்டுக்கு, மேடையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. களைத்தவன் உட்காருவதுபோல் நாற்பதடிக் கரை அப்படியே அமர்ந்தது. மேடை, நாற்காலிகள், ஒலிபெருக்கி எல்லாம் உள்ளே போயின. அமர்ந்த மட்டத்துக்கு மேலே தண்ணீர் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அது சரிவில் இறங்கி, ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்குள் இடுப்பளவு நுழைந்து, பெஞ்சுகளை ஒரு மூலையில் குவித்துவிட்டு, வீடுகளின் வாசற்படியில் வந்து நின்றுவிட்டது. மேட்டில் ஒற்றை மரத்தடியில் நூற்றிருபது குழந்தைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க அங்கே குடைக்காகக் காத்து நனைந்துகொண்டிருந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

எனவே துறை விசாரணை தொடங்கியது. மூன்றாம் நாள் மதகுக்காரருக்குப் பதினேழு கேள்விகள் கொண்ட குற்றப்பத்திரம் வந்தது. கரை ஏன் அமர்ந்தது என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. துறைக்குச் சொந்தமான தண்ணீரைக் கால்வாயில் விட்டது ஏன், ஏழு வாகனங்களுக்கு முன்னறிவிப்புத் தந்தாரா, புதிய இனப் பறவையின் வாழிடத்தை அழித்தது தெரியுமா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஐந்தாவது கேள்வி: "மதகைத் திறக்க உத்தரவிட்டவர் யார்?"

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் "தெரியாது" என்றும் "மன்னிக்கவும்" என்றும் எழுதிவிட்டார். ஐந்தாவதில் பேனா நின்றது. யோசித்து யோசித்துப் பார்த்தார். பொய் எழுதி ஒருமுறை பட்ட பாடு போதும். உள்ளதை எழுதினார்: "பயம்."

நாலு நாளில் பதில் வந்தது. "தங்கள் விளக்கம் பெறப்பட்டது. திரு. பயம் அவர்களின் பதவி, பிரிவு ஆகிய விவரங்கள் இந்த அலுவலகப் பதிவேட்டில் காணப்படவில்லை. மேற்படி நபரை வரும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் குழுவின்முன் நேரில் ஆஜர்படுத்த வேண்டியது தங்கள் பொறுப்பு. தவறினால் பணிநீக்கம்."

மதகுக்காரர் அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். அலுவலகம் வழக்கம்போல் இல்லை. எல்லா அறைக் கதவுகளும் சாத்தியிருந்தன. உள்ளே கிசுகிசுவென்று பேச்சு. யாராவது தாழ்வாரத்தில் நடந்தால் அதுவும் நின்றுவிடும். கரை அமர்ந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்து, மந்திரி ஆள் அனுப்பப் போவதாகச் செய்தி. சட்ட அலுவலர் இரண்டு நாளாகப் பழைய கோப்பு அறையைவிட்டு வெளியே வரவில்லையாம். இணை இயக்குநர் தொலைபேசி அடித்தால் அதன்மேல் துண்டைப் போட்டு மூடுகிறாராம்.

கோப்பு எழுதும் பெண் கடிதத்தைப் படித்தாள். சிரிக்கவில்லை.

"இல்லாத ஆளை எங்கம்மா கூட்டிட்டு வருவேன்?" அவர் பேனாவை எடுத்தார். "அப்படி யாரும் இல்லன்னு எழுதிடட்டுமா?"

"அப்படி எழுதுனா கோப்பு மூடாதுண்ணே. பொய் அறிக்கைன்னு திரும்ப ஆரம்பிப்பாங்க. மாற்றலாகிப் போயிட்டாருன்னு எழுதுங்க."

"எந்த ஆபீசுக்குன்னு கேட்டா?"

அவள் சாத்தியிருந்த கதவுகளை ஒருமுறை வரிசையாகப் பார்த்தாள்.

"இங்கதாண்ணே."

அவர் அங்கேயே உட்கார்ந்து, மூன்று பிரதியில் எழுதினார்: "மேற்படி அதிகாரி தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிவிட்டார்." கண்காணிப்பாளர் கதவை விரல்கடை அளவுக்குத் திறந்து அதை வாங்கினார். நின்றபடியே படித்தார். ஒன்றும் கேட்கவில்லை, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கோப்பை மூடலாம் என்று அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கையெழுத்து கோணல்மாணலாக விழுந்திருந்தது.